மீசை வைத்த தாய் கிஜுபாய்

வெள்ளி விழா மலர் ஒன்றில் பெரியோர் வரலாறு இடம் பெறுவது மரபு. அண்ணல் அம்பேத்கர், மகாத்மா பூலே, அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் வரலாறுகளை நம் இளைஞர்கள் ஓரளவேனும் அறிவார்கள். அவற்றைக் கூறும் நூல்கள் நம் படிப்பகத்திலும் உள்ளன. ஆகவே இம்மலரில் நாம் எடுத்துக்கொண்டிருப்பது, குசராத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தும் நம் மக்களிடையே அதிகம் அறியப்படாத ஒருவரின் வரலாறு. அவர் நம்மவர் அல்லர். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். தீண்டாமை ஒழிப்பை வாழ்நாள் பணியாகக் கொண்டவர் என்றும் அவரைக் கூற முடியாது. பின் எதற்காக அவரைப் பற்றி எழுதுகிறோம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறோம்.

நம் சங்கத்தின் மாலை வகுப்போடு, பள்ளி வயது எட்டாத சிறு பிள்ளைகளுக்கும் ஒரு பாலர் வகுப்பைத் தொடங்கிய காலத்தில், பெற்றோர் சிலர் குறைப்பட்டுக்கொண்டனர். வகுப்பறையிலிருந்து எந்நேரமும் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, பிள்ளைகளைப் படிக்க அனுப்பினோமா சிரிக்க அனுப்பினோமா என்பதே அக்குறை. நாங்கள் அதனை எளிதில் தள்ளிவிடவில்லை. கேட்டவர்கள் செங்கல் சூளையிலும் வயலிலும் உழைத்து, தாம் பெறாத படிப்பைத் தம் மக்கள் பெற வேண்டுமென்று ஏங்குகிறவர்கள். அவர்கள் தம் சிறு வயதில் பள்ளியில் கேட்ட சிரிப்பு வேறு வகையானது. கிழிந்த சட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். தெருவின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். தகப்பன் செய்யும் தொழிலைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சிப் பள்ளியை விட்டு நின்றவர்கள் நம் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். படிப்பும் சிரிப்பும் ஓரிடத்தில் இருந்தால், சிரிக்கப்படுகிறவர்கள் நாமாகவே இருப்போம் என்பது அவர்கள் பட்டறிந்த பாடம்.

இந்தக் குறைக்கு விடை தேடிய வேளையில்தான் கிஜுபாய் பதேக்கா எழுதிய நூலொன்று எங்கள் கைக்கு வந்தது. பகல் கனவு என்னும் பெயரில் தமிழிலும் வெளிவந்துள்ள அந்நூலைப் படித்த பின்னர் அவருடைய வாழ்க்கையையும் தேடிப் படித்தோம்.

கிஜுபாயின் இயற்பெயர் கிரிஜாசங்கர். தந்தையார் பெயர் பகவான்ஜி. சௌராட்டிரப் பகுதியிலுள்ள சித்தல் என்னும் சிற்றூரில் 1885ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி சிறு சிறு சமஸ்தானங்களாகப் பிரிந்து கிடந்தது. ஊர்ப்பள்ளிகள் எல்லாம் பிரம்பின் ஆட்சியில் இருந்தன. வாய்பாடு தவறினால் அடி, நேரம் தவறினால் அடி, சிரித்தால் இரட்டிப்பு அடி என்பது இந்தியா முழுவதற்கும் பொதுவான பள்ளிச் சட்டமாக இருந்த காலம் அது. மேல்சாதிப் பிள்ளைகளுக்கே இந்நிலை என்றால், பள்ளி வாசலைத் தாண்டவே விடப்படாத நம் பிள்ளைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கிஜுபாய் பிறந்து ஆறாண்டுகளுக்குப் பின்னர்ப் பிறந்த அண்ணல் அம்பேத்கர், சதாராவில் வீட்டிலிருந்து தாமே கொண்டுவந்த கோணிச் சாக்கின்மேல் தனியே அமர்ந்து பயின்றார். பள்ளிச் சேவகன் வந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் குடிக்க இயலாமல் இருந்தார். ஒரே காலத்தில், ஒரே மாகாண எல்லைக்குள் வளர்ந்த இரு சிறுவர்கள் இவர்கள். இதனை மனத்தில் இருத்திக்கொண்டே கிஜுபாயின் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது எம் கருத்து.

இளமையில் அவர் ஆசிரியராக வேண்டுமென்று எண்ணியவர் அல்லர். 1907இல் பிழைப்புத் தேடிக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். சில ஆண்டுகளில் திரும்பி வந்து, பம்பாயில் சட்டம் பயின்று, வட்வான் என்னும் ஊரில் வழக்குரைஞராகத் தொழில் நடத்தினார். நல்ல வருவாயும் மதிப்பும் உள்ள தொழில். அதிலேயே நின்றிருந்தால் அவர் பெயரை இன்று எவரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

1913இல் அவருக்கு நரேந்திரன் என்னும் மகன் பிறந்தான். அந்தப் பிள்ளையை எவ்வாறு வளர்ப்பது என்னும் கவலை தந்தையைப் பற்றிக்கொண்டது. தாம் கண்ட பள்ளிகளில் ஒன்றிலும் தம் மகனை விட அவருக்கு மனம் வரவில்லை. அப்பொழுது குசராத்தில் நூலக இயக்கத்தை வளர்த்து வந்த மோதிபாய் அமீன் என்பவர், இத்தாலிய நாட்டு அம்மையார் மரியா மாண்டிசோரியின் கல்விமுறை பற்றிய நூல்களை அவருக்கு அறிமுகப்படுத்தினார். வசோ என்னும் ஊரில் அம்முறையில் நடந்துவந்த சிறு பள்ளியையும் கிஜுபாய் நேரில் சென்று கண்டார். மாண்டிசோரி அம்மையார் உரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் 1907இல் தம் முதற் பிள்ளை இல்லத்தைத் தொடங்கியவர். ஏழைக் குடியிருப்பில் பிறந்த அம்முறை பின்னாளில் உலகெங்கும் பணக்காரர் பிள்ளைகளின் பள்ளிகளுக்குரிய முறையாகிப் போனது வேறு கதை. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மகனுக்காகத் தொடங்கிய தேடல் தந்தையையே மாற்றிவிட்டது. பவநகரில் நானாபாய் பட் என்பவர் 1910இல் தட்சிணாமூர்த்தி என்னும் பெயரில் ஒரு மாணவர் இல்லத்தை நிறுவி, அதனோடு பள்ளியும் நடத்தி வந்தார். 1916இல் கிஜுபாய் வழக்குரைஞர் தொழிலைத் துறந்து அந்நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். முதலில் உயர்நிலை வகுப்பு மாணவர்களோடு பணியாற்றினார். அங்கே நான்கு ஆண்டுகள் கண்ட பட்டறிவு அவரை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது. பன்னிரண்டு வயதில் வந்து சேரும் பிள்ளை, அச்சத்தையும் பொய்யையும் முன்னமே கற்றுக்கொண்டு வருகிறது; அதனை மாற்ற முயல்வதைவிட, அச்சம் புகாத வயதிலேயே தொடங்க வேண்டும் என்பதே அம்முடிவு. 1920இல் இரண்டரை வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்காகப் பால மந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். 1922இல் பவநகரின் தக்தேசுவரர் குன்றையடுத்து அதற்கெனக் கட்டப்பட்ட கட்டடத்தைக் கஸ்தூரிபா காந்தி திறந்து வைத்தார்.

அப்பள்ளியில் அடி இல்லை, பரிசும் இல்லை. அடி இல்லாததை எவரும் புரிந்துகொள்வர். பரிசு இல்லாததைப் புரிந்துகொள்வது கடினம். ஒருவனுக்குப் பரிசு கொடுத்தால் மற்ற முப்பது பேருக்குத் தோல்வியைக் கொடுக்கிறோம் என்பது அவர் கொள்கை. ஆசிரியர்களைக் குழந்தைகள் அண்ணன் என்றும் அக்கா என்றும் பொருள்படும் சொற்களாலேயே அழைத்தனர். களிமண் பிசைவது, படம் வரைவது, செடி வளர்ப்பது, பாட்டு, கூத்து, நடை, இவையே பாடங்கள். குழந்தைகள் போடும் நாடகத்தில் மனப்பாடம் செய்த உரையாடல் கிடையாது. கதையைத் தெரிந்துகொண்டு, அந்தந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைப் பேசி நடிப்பார்கள். வேண்டும்போது பெரியவரான கிஜுபாயும் உடன் நடிப்பார். வழக்குமன்றத்தில் வாதாடிய பெருமீசைக்காரர் ஒருவர், குழந்தைகள் நடுவே நின்று ஆடியும் பாடியும் அவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த காட்சியைப் பவநகர் மக்கள் முதலில் வியப்போடும், பின்னர் அன்போடும் பார்த்தார்கள். மீசை வைத்த தாய் என்று பொருள்படும் பட்டப்பெயர் அவருக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது. கேலியாகவும் கொள்ளத்தக்க அப்பெயர் அவருடைய பெருமைக்குரிய பெயராகவே நிலைத்துவிட்டது.

மாண்டிசோரி அம்மையாரை அவர் பெரிதும் போற்றினார். ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவில்லை. சிறு குழந்தைகளுக்குக் கற்பனைக் கதைகளைச் சொல்வதை அம்மையார் ஏற்கவில்லை. கிஜுபாயோ கதையைத் தம் கல்விமுறையின் நடுநாயகமாக வைத்தார். கதை சொல்லும் கலையைப் பற்றி வார்த்தானும் சாஸ்திரம் என்னும் பெயரில் பெரியதொரு நூலே எழுதினார். கதையின் முதற்பயன் குழந்தைக்கு மகிழ்ச்சி தருவதே, நீதி புகட்டுவதற்காகக் கதையை முறுக்கிப் பிழியக் கூடாது என்பது அவர் துணிபு. நம் நாட்டில் கதை என்றாலே இறுதியில் ஒரு நீதி தொங்க வேண்டும் என்று எண்ணுவோர் நிறைந்திருந்த காலத்தில் இவ்வாறு எழுதத் துணிவு வேண்டும். கிராமத்துப் பாட்டிமார் சொல்லிவந்த கதைகளை ஊர் ஊராகத் திரட்டிக் குழந்தைகளின் நாவுக்கேற்றவாறு எழுதினார். குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்குமாக அவர் எழுதிய நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை.

அவர் எழுதிய கதைகளில் மூன்றை ஈண்டுச் சுருக்கிச் சொல்ல விரும்புகிறோம். நம் பாலர் வகுப்பில் இவற்றைச் சொல்லிப் பார்த்திருக்கிறோம்.

முதற்கதை தலா தர்வாடி என்னும் பிராமணனுடையது. அவன் மனைவிக்குக் கத்தரிக்காய் மீது ஆசை. பக்கத்துத் தோட்டத்துக்குச் சென்ற அவன், திருடினான் என்று பெயர் வரக் கூடாதே என்பதற்காகத் தோட்டத்திடமே உத்தரவு கேட்கிறான். தோட்டம் பேசுமா? தோட்டத்துக்காக அவனே குரலை மாற்றிக்கொண்டு, இரண்டு நான்கு என்ன, பத்துப் பன்னிரண்டு எடுத்துக்கொள் என்று விடையும் சொல்லிக்கொள்கிறான். நாள்தோறும் இது நடக்கிறது. ஒருநாள் தோட்டக்காரன் மறைந்திருந்து பிடித்துவிடுகிறான். அவன் அடிக்கவில்லை, இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, எத்தனை முழுக்குப் போடலாம் என்று கிணற்றிடம் உத்தரவு கேட்கிறான். கிணற்றுக்காக அவனே விடையும் சொல்லிக்கொள்கிறான். இக்கதையைக் கேட்கும் நான்கு வயதுப் பிள்ளை, தோட்டம் பேசும் இடத்தில் ஒருமுறையும் கிணறு பேசும் இடத்தில் பன்மடங்கும் சிரிக்கிறது. முதற்சிரிப்பைவிட இரண்டாம் சிரிப்பு ஏன் பெரியது என்பதைப் பெரியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த வழக்கத்தைச் சொல்லி ஏய்த்தானோ அதே வழக்கம் அவன்மீதே திரும்புகிறது என்பதைப் பிள்ளை கண்டுகொள்கிறது. சாத்திரம் இடம் கொடுக்கிறது என்று தமக்குத் தாமே உத்தரவு கொடுத்துக்கொண்டவர்களை நெடுங்காலம் பார்த்து வந்த நம் போன்றோர்க்கு இக்கதையில் கூடுதலாகவும் ஒரு சுவை உண்டு. கிஜுபாய் அதனை எண்ணி எழுதினார் என்று நாம் சாதிக்கவில்லை.

இரண்டாவது கதை மகிழ்ச்சிக் காக்கை. அரசனிடம் குற்றப்பட்ட ஒரு காக்கையைச் சேற்றில் எறியச் சொல்கிறார்கள். அது வழுக்கி விளையாடக் கற்கிறேன் என்று பாடுகிறது. கிணற்றில் எறிகிறார்கள், நீந்தக் கற்கிறேன் என்கிறது. முள்வேலியில் எறிகிறார்கள், காது குத்திக்கொள்கிறேன் என்கிறது. எண்ணெயில் போடுகிறார்கள், குத்திய காதுக்கு எண்ணெய் விட்டுக்கொள்கிறேன் என்கிறது. வெல்லத்தில் போட்டாலும் கூரையில் எறிந்தாலும் அதற்கு ஒரு பாட்டு இருக்கிறது. இறுதியில் அரசன் களைத்துப்போய் அதனைப் பறக்க விட்டுவிடுகிறான். இக்கதையைச் சொன்ன மறுநாள் எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி, முள் குத்தினால் காக்கைக்கு வலிக்காதா என்று கேட்டாள். வகுப்பை நடத்திய ஆசிரியைக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். வலிக்கும், ஆனால் அரசனிடம் சொல்லாது என்று ஒரு சிறுவன் முடித்து வைத்தான்.

மூன்றாவது கதைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. ஏழு வாலுள்ள ஓர் எலிக்குஞ்சு பள்ளிக்குப் போகிறது. மற்ற பிள்ளைகள் ஏழு வாலன் என்று கேலி செய்கிறார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வருகிறது. ஒரு வாலை அறுத்துவிட்டு மறுநாள் போனால் ஆறு வாலன் என்று கேலி. இவ்வாறு ஒவ்வொன்றாக அறுத்து அறுத்து ஒரு வாலும் இல்லாமல் போகும்பொழுது, வாலில்லாதவன் என்று கேலி செய்கிறார்கள். அவ்வளவே கதை. கேலி செய்கிறவன் சொல்லுக்கேற்பத் தன்னை அறுத்துக்கொள்கிறவனுக்குக் கேலி ஒருநாளும் ஓயாது என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியுமா? ஊர்ப் பெயரை மறைத்தவர், பேச்சை மாற்றியவர், தெருவுக்கு நண்பரை அழைத்து வராதவர் என்று நம் இளைஞர்களில் எத்தனை பேர் ஒவ்வொரு வாலாக அறுத்திருக்கிறோம் என்பது நமக்கே தெரியும். மூன்று வயதுப் பிள்ளை இதையெல்லாம் அறியாது. எலியின் வால் குறைவதைப் பார்த்துச் சிரிக்கும், விரல் விட்டு எண்ணும், ஏழிலிருந்து ஒன்று போனால் ஆறு என்று கற்றுக்கொள்ளும். கேலியின் இயல்பையும் உள்ளத்தில் எங்கோ ஓரிடத்தில் வைத்துக்கொள்ளும்.

பெற்றோருக்கு நாம் சொல்ல நினைத்த விடை இக்கதையிலேயே இருந்தது. ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது ஒன்று. ஒருவரோடு சேர்ந்து சிரிப்பது மற்றொன்று. முன்னது பிள்ளையின் வாயை அடைக்கும், பின்னது திறக்கும். பால மந்திரில் வளர்ந்தது பின்னது. சிறு குழந்தையின் சிரிப்பை உற்று நோக்கினால், அஃது அறிவின் அடையாளம் என்பதும் விளங்கும். பசு மியாவ் என்று கத்தியது என்று சொல்லிப் பாருங்கள். இரண்டரை வயதுப் பிள்ளை கலகலவென்று சிரிக்கும். பசு எவ்வாறு கத்தும் என்பதை அறிந்த பிள்ளையே அவ்வாறு சிரிக்க முடியும். தேர்வு வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சிரிப்பே சொல்லிவிடுகிறது. ஆசிரியர் வேண்டுமென்றே தவறு செய்ய, பிள்ளை திருத்தும் விளையாட்டில், பெரியவரும் தவறலாம், சிறியவரும் திருத்தலாம் என்னும் துணிவு பிள்ளைக்கு வருகிறது. நம் வீட்டுப் பாட்டிமார் குழந்தையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறூட்டி, நண்டு ஊர்வதுபோல் விரலால் கையேறிக் கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டிலும் இதே கல்விதான் இருக்கிறது. விரல் ஐந்து என்பதும், உணவைப் பகிர்வது என்பதும், அடுத்து என்ன வரும் என்று காத்திருப்பதும் அதனுள் அடக்கம். படிக்காதவர்கள் என்று நாம் எண்ணிய அந்தக் கிழவிகள் அறியாமல் செய்தவற்றைக் கிஜுபாய் அறிந்து செய்தார்.

பகல் கனவு என்னும் நூலை அவர் எழுதியது 1930களின் தொடக்கத்தில். லட்சுமிராம் என்னும் கற்பனை ஆசிரியர் ஒருவர், கல்வி அதிகாரியிடம் இசைவு பெற்று, சாதாரண அரசினர் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பை ஓராண்டுக்கு ஏற்று நடத்தும் கதை அது. முதல்நாளே அவர் தோற்றுப் போகிறார். சன்னல்களைச் சாத்தி, பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொல்லி, ஓர் அமைதி விளையாட்டை நடத்த முயல்கிறார். பிள்ளைகள் விதவிதமாகக் குரல் கொடுத்தும் தட்டியும் கூத்தடித்துவிடுகிறார்கள். வேறு வழியின்றி விடுமுறை விட்டு அனுப்பிவிடுகிறார். தலைமையாசிரியரின் சினத்துக்கும் ஆளாகிறார். மறுநாள் ஒரு கதையைத் தொடங்குகிறார். அதே பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்கிறார்கள். கதை முடியாமல் வீட்டுக்குப் போக மறுக்கிறார்கள். கதையிலிருந்து நூலகம், விளையாட்டிலிருந்து இலக்கணம், நாடகத்திலிருந்து வரலாறு என்று ஆண்டு நகர்கிறது. இந்நூலில் எமக்குப் பிடித்தது வெற்றியன்று. முதல்நாள் தோல்வியை மறைக்காமல் எழுதியிருப்பதே. கல்வி பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தம் தோல்வியைச் சொல்வதில்லை.

பால மந்திருக்கு ஒரு குறையும் இருந்தது. குன்றின் மேல் இருந்த அப்பள்ளிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நகரத்து வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். மாண்டிசோரிப் பொருள்களின் விலையும் மிகுதி. அம்முறை எங்குச் சென்றாலும் செல்வர் வீட்டு வாயிலிலேயே நின்றுவிட்டது என்று முன்னர்க் கூறினோம் அல்லவா? பவநகரும் அதற்குப் பெரிய விலக்கன்று. அக்குறையைக் கண்டு அதனைத் தீர்க்கப் புறப்பட்டவர் கிஜுபாயின் துணையாளரான தாராபாய் மோடக் அம்மையார். அவரைச் சொல்லாமல் கிஜுபாயின் வரலாறு நிறைவு பெறாது; நம்மைப் பொறுத்தவரை முதன்மையான பகுதியே இதுதான்.

தாராபாய் 1892இல் பிறந்தவர். அவருடைய தாயார் சிறு வயதில் கைம்பெண்ணாகி மறுமணம் செய்துகொண்டவர். அந்நாளில் அத்தகைய குடும்பம் சொந்தச் சாதியாராலேயே ஒதுக்கப்பட்டது. 1914இல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற தாராபாய், இராசகோட்டில் பெண்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அப்பதவியை விட்டுவிட்டு 1923இல் பவநகருக்கு வந்து கிஜுபாயோடு சேர்ந்தார். இருவரும் சேர்ந்து நூதன பால சிக்ஷண சங்கம் என்னும் அமைப்பை 1926இல் ஏற்படுத்தினர். சிக்ஷண பத்திரிகா என்னும் இதழையும் நடத்தினர். பிள்ளைகளை அடிக்காதீர் என்று பெற்றோருக்கு அவ்விதழ் ஓயாமல் எடுத்துரைத்து வந்தது.

1936இல் கிஜுபாய் தட்சிணாமூர்த்தியை விட்டு விலகினார். பின்னர் இராசகோட்டில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிலையம் ஒன்றை 1938இல் தொடங்கினார். ஆனால் உடல்நலம் குன்றி, 1939ஆம் ஆண்டு சூன் திங்கள் 23ஆம் நாள் பம்பாயில் காலமானார். அகவை ஐம்பத்து நான்கு கூட நிரம்பவில்லை. அவர் இருபது ஆண்டுகள் யாருடைய முறையைப் பரப்பினாரோ அந்த மாண்டிசோரி அம்மையார் அதே ஆண்டு நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தத் தொடங்கினார். ஐந்து திங்கள் இடைவெளியில் இருவரும் சந்திக்காமலே போயினர். அடையாறு என்றதும் நமக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். மாண்டிசோரி வருவதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1894இல், அதே அடையாற்றையொட்டித்தான் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கென முதல் இலவசப் பள்ளியைத் திறந்தார்.

கிஜுபாய் மறைந்த பின் தாராபாய் தம் பணியை ஊர்ப்புறத்துக்குத் திருப்பினார். 1945இல் பம்பாய்க்கு வடக்கே கடலோரச் சிற்றூரான போர்டியில் ஒரு பாலவாடியைத் தொடங்கினார். குழந்தைத் தோட்டம் என்பது அச்சொல்லின் பொருள். சிறு வயதிலேயே கைம்பெண்ணான அனுதாய் வாக் என்னும் பெண்மணி அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தார். பள்ளி திறந்ததும் சேரிப் பிள்ளைகள் வரவில்லை. அந்நாளில் அம்மக்களைக் காந்தியார் இட்ட பெயரால் அரிசனர் என்று குறித்தார்கள். அப்பெயரை நாம் ஏற்பதில்லை. பிள்ளைகள் வராததற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஊருக்குள் இருக்கும் இடத்துக்குச் சேரிப் பிள்ளை எப்படி வரும்? தம்பி தங்கையைத் தூக்கி வைத்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளை எப்படி வரும்? வந்தால் எவர் சிரிப்பார் என்று அஞ்சாமல் எப்படி வரும்?

தாராபாய் பிள்ளைகளைக் குறை கூறவில்லை. பெற்றோரையும் குறை கூறவில்லை. பள்ளியைத் தூக்கிக்கொண்டு சேரிக்குப் போனார். வீட்டு முற்றத்தில், பிள்ளைகளுக்கு வசதியான நேரத்தில் வகுப்பு நடந்தது. குளிப்பாட்டுவது, தலை வாருவது, நகம் வெட்டுவது எல்லாம் பாட்டோடும் கதையோடும் நடந்தன. விலையுயர்ந்த மரச்சாமான்களுக்கு மாற்றாகக் கிளிஞ்சல், கூழாங்கல், இலை, பூ, குச்சி ஆகியவை எண்ணவும் அடுக்கவும் பயன்பட்டன. முற்றத்தில் நடந்தமையால் தாய்மாரும் பாட்டிமாரும் வேலை செய்தபடியே பார்த்தார்கள். பிள்ளைகள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் கேட்கும் சிரிப்பு ஐயத்தைத் தரும். கண்முன் நடக்கும் சிரிப்பில் தாமும் கலந்துகொள்ளலாம். எங்கள் பாலர் வகுப்பைக் கட்டடத்தின் உள்ளறையிலிருந்து முன்திண்ணைக்கு மாற்றியது இதைப் படித்த பின்னர்தான். அதன்பின் குறை சொல்வோர் குறைந்தனர். இரண்டு பாட்டிமார் தாமே வந்து கதை சொல்லவும் தொடங்கினர். அவர்கள் சொல்லும் கதைகளில் சில அச்சில் ஏற்றத்தக்கவை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முற்றத்துக்கு மராத்தியிலும் குசராத்தியிலும் ஆங்கண் அல்லது அங்கண் என்று பெயர். முற்றத்தில் நடந்த பாலவாடியே அங்கன்வாடி. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நடுவணரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபொழுது, அதன் நிலையங்களுக்கு இப்பெயரே வைக்கப்பட்டது. நம் ஊர்களில் பிள்ளைகளை அனுப்பும்பொழுது நாள்தோறும் நாம் சொல்லும் அச்சொல்லின் பின்னால், போர்டிக் கிராமத்துச் சேரியின் மண்முற்றங்கள் இருக்கின்றன. ஊர்ப் பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்காகச் செய்த ஏற்பாடு, நாடு முழுவதற்குமான ஏற்பாட்டின் பெயராயிற்று.

1957இல் தாராபாயும் அனுதாயும் மலைவாழ் வார்லி மக்கள் வாழும் கோஸ்பாட் குன்றுக்குத் தம் நிலையத்தை மாற்றினர். மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடத்தினர். தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு வரும் பெரிய பிள்ளைகளுக்காகத் தொட்டில் அறை, பாலவாடி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் அமைத்தனர். தாராபாய்க்கு 1962இல் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. அவர் 1973இல் மறைந்தார். அதன் பின்னும் ஏறத்தாழ இருபதாண்டுகள் அனுதாய் அக்குன்றிலேயே இருந்து பணியைத் தொடர்ந்து, 1992இல் காலமானார்.

கிஜுபாயின் பகல் கனவும், அவருடைய கதைகளைத் தழுவி நம் ஆசிரியைகள் கையால் எழுதி வைத்துள்ள ஏடும் நம் படிப்பகத்தில் இருக்கின்றன. அந்த ஏட்டில் ஏழு வால் எலியின் கதையுள்ள பக்கம் இருமுறை கிழிந்து ஒட்டப்பட்டுள்ளது.